பேண்ட் போட்டும் பலனில்லை, அடுத்து என்ன? மறு அறுவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்க இரைப்பையில் பேண்ட் போட்டுக்கொண்டு, சில ஆண்டு கழித்து "இப்போ என்ன செய்ய?" என்று வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பேண்ட் என்பது இரைப்பையின் கழுத்துப் பகுதியைச் சுற்றி மாட்டும் சிலிகோன் வளையம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள போர்ட்டுக்கு வரும். போர்ட் வழியாக சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

1. பேண்ட் ஃபெயில் ஆயிடுச்சுன்னு எப்போ சொல்வாங்க? எனக்குப் பத்து கிலோ குறைஞ்சுதே!

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். உயரம் 160 செ.மீ., பேண்ட் போட்ட அன்று எடை 110 கிலோ என்று வையுங்கள். அந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 என்றால் 64 கிலோ. ஆக, மிகை எடை 46 கிலோ. அதில் பத்து கிலோ என்பது சுமார் 22 சதவீதம். மிகை எடையில் பாதியாவது குறைந்தால் அறுவை பலித்தது, கால் பங்குகூடக் குறையவில்லை என்றால் பலிக்கவில்லை என்பது பொதுவான அளவுகோல். இந்தக் கணக்கில் உங்கள் பத்து கிலோ தோல்விப் பக்கம்தான் விழுகிறது.

இன்னொரு வகைத் தோல்வி எடை மெஷினில் தெரியாது. எடை நன்றாகவே இறங்கியிருக்கும். ஆனால் ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும், இருமல் தூக்கத்தைக் கெடுக்கும். சப்பாத்தி ஒரு வாய் விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் மாதிரி நிற்கும், வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறும், கடைசியில் வாந்தி. இதுவும் பேண்டின் தோல்விதான். எடை குறையாமல் போனதா, பேண்ட் உள்ளே கெடுதல் செய்கிறதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆபரேஷன் பற்றிப் பேசவே வேண்டும்.

2. தப்பு என் மேலதானே? நான் வாயைக் கட்டலைன்னு வீட்ல சொல்றாங்க.

பேண்ட் செய்வது ஒரே வேலை: சாப்பாடு இறங்கும் வழியைக் குறுக்குவது. ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸோ (சின்ன இரைப்பைப் பையோடு சிறுகுடலை நேராக இணைப்பது) செய்தால் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்கள் மாறுகின்றன. பேண்டில் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. அதோடு, வளையம் இறுக இறுக நல்ல சாப்பாடுதான் முதலில் சிக்கும். கீரைத்தண்டு, கோழிக்கறி, உதிரியான சோறு எல்லாம் நிற்கும். ஐஸ்கிரீம், பாயசம், சர்க்கரை போட்ட டீ, வாயிலேயே கரையும் மிக்சர் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும். பசித்தவர் எது இறங்குகிறதோ அதைத்தானே சாப்பிடுவார்?

அமெரிக்காவில் 2001ல் இந்த பேண்டுக்கு அனுமதி கிடைத்தது. 2011ல் அங்கே நடந்த எடைக் குறைப்பு அறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பேண்ட். அடுத்த பத்தாண்டுக்குள் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. அத்தனை பேருக்கும் வாயைக் கட்டத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் சொல்லுங்கள்.

3. போர்ட்ல இன்னும் கொஞ்சம் தண்ணி ஏத்தி டைட் பண்ணா சரியாகாதா?

சிலருக்கு ஆகும். நெஞ்செரிச்சல் இல்லை, வாந்தி இல்லை, ஒரு தட்டு சோறு தடையில்லாமல் இறங்குகிறது, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்றால் பேண்ட் தளர்ந்திருக்கலாம். முதலில் உள்ளே இருக்கும் சலைன் முழுவதையும் உறிஞ்சி அளக்கச் சொல்லுங்கள். போன முறை 7 மி.லி. விட்டதாகக் குறிப்பு இருந்து இப்போது 3 மி.லி.தான் வருகிறது என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் போர்ட்டிலோ குழாய் சேரும் இடத்திலோ இருக்கும். அதை மட்டும் மாற்றுவது சின்ன வேலை. போர்ட்டைக் குத்த ஹூபர் ஊசி என்ற தனி ஊசிதான் வேண்டும். சாதாரண ஊசி சிலிகோனைத் துண்டு பெயர்த்துவிடும், கசிவே அதனால்தான் தொடங்கும்.

நெஞ்செரிச்சலும் வாந்தியும் இருக்கும்போது டைட் பண்ணுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவது. வளையத்துக்கு மேலே உள்ள சின்னப் பை பெருக்கும், அதற்கும் மேலே உணவுக்குழாய் விரியும். அப்போது செய்ய வேண்டியது நேர்மாறு. சலைனை முழுவதும் எடுத்துவிட்டுச் சில வாரம் பார்க்க வேண்டும். விரிந்த உணவுக்குழாய் பலருக்குத் திரும்பச் சுருங்கும், எல்லோருக்கும் அல்ல.

4. உள்ள என்ன ஆச்சுன்னு எந்த டெஸ்ட்ல தெரியும்?

முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே. சரியாக இருக்கும் பேண்ட், எக்ஸ்ரேயில் இடது தோளைப் பார்த்துச் சாய்ந்த ஒரு கோடு மாதிரி தெரியும். முதுகெலும்புக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே 4 முதல் 58 டிகிரி வரை கோணம் இருக்கலாம். கோணம் அதைத் தாண்டினாலோ, கோடாகத் தெரியாமல் பூஜ்யம் மாதிரி வட்டமாகத் தெரிந்தாலோ பேண்ட் நழுவியிருக்க வாய்ப்பு. அடுத்தது பேரியம் குடித்துக்கொண்டே எடுக்கும் படம். பை எவ்வளவு பெரிது, பேரியம் இறங்குகிறதா தேங்குகிறதா, உணவுக்குழாய் விரிந்ததா என்று அதில் தெரியும்.

எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே எட்டிப் பார்ப்பதை நேரில் காட்டுவது அதுதான். ஹயாட்டஸ் குடலிறக்கம் (உதரவிதானத்துக்கு மேலே இரைப்பை ஏறி நிற்பது), உணவுக்குழாய்ப் புண், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது), எச்.பைலோரி கிருமி எல்லாவற்றையும் அதே தடவையில் பார்த்துவிடலாம். விழுங்குவதில் சிரமம் நீடித்தால் உணவுக்குழாயின் தசை அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும், நெஞ்செரிச்சல் சந்தேகமாக இருந்தால் 24 மணி நேர அமில அளவீடும் தேவைப்படும். மேனோமெட்ரியைப் பேண்டைத் தளர்த்திய பிறகு எடுக்க வேண்டும். இறுகிய பேண்டோடு எடுத்தால் அடைப்பால் வரும் கோளாறைத் தசைக் கோளாறு என்று தப்பாக எழுதிவிடுவார்கள்.

5. எப்போ பயப்படணும்? எப்போ ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி, எச்சில்கூட இறங்கவில்லை, ஓயாத வாந்தி. இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. நழுவிய பேண்டுக்குள் மாட்டிய இரைப்பைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் அழுகத் தொடங்கலாம். அவசரப் பிரிவில் முதல் வேலை போர்ட்டிலிருந்து சலைனை எடுப்பது. அங்கே பணியில் இருப்பவர் பேண்டைப் பார்த்தே இருக்க மாட்டார் என்பது சாத்தியம். "எனக்கு இரைப்பையில் பேண்ட் இருக்கு, போர்ட் இங்கே இருக்கு, ஹூபர் ஊசி வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரமாக வாந்தி, இப்போது கால் தள்ளாடுகிறது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது, பேச்சில் குழப்பம் என்றால் அது தயமின் (பி1) பற்றாக்குறை. குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட வேண்டும். வரிசை மாறினால் மூளைப் பாதிப்பு மோசமாகும். நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

6. பேண்டை மட்டும் கழட்டிட்டு சும்மா இருந்துடலாமா?

தாராளமாக. கழற்றுவதே ஒரு முழுமையான சிகிச்சைதான், குறிப்பாக பேண்ட் கெடுதல் செய்யும்போது. ஆனால் வேறு எதுவும் செய்யாமல் விட்டால் குறைந்த எடை பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் கூடவே வரும். வயது அதிகம், இதயமோ நுரையீரலோ பலவீனம், இன்னொரு பெரிய ஆபரேஷனுக்கு மனம் ஒப்பவில்லை என்பவர்களுக்கு வெறும் அகற்றலே போதும்.

பழைய பேண்டை எடுத்துவிட்டுப் புது பேண்ட் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்.

7. எடை குறைக்கிற ஊசி வந்துடுச்சே, அதைப் போட்டுக்கிட்டா ஆபரேஷனே வேண்டாமே?

நியாயமான கேள்வி. டிர்சிபடைடும் எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடும் 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடை குறையாததுதான் பிரச்னை, பேண்டால் கெடுதல் இல்லை என்றால் ஊசியை முயன்று பார்ப்பதில் தவறில்லை. பேண்டைக் கழற்றிய பிறகு எடை ஏறாமல் பிடித்து வைக்கவும் அது உதவும். நிறுத்தினால் எடை திரும்பும் போக்கு உண்டு என்பதால் மாதச் செலவைப் பல வருஷத்துக்குக் கணக்குப் பாருங்கள்.

இறுகிய பேண்டோடு இந்த ஊசி போடுவது தனி அபாயம். ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குமட்டல் தரும். பேண்ட் ஏற்கெனவே வாந்தி தருகிறது. இரண்டும் சேர்ந்தால் உடல் நீர் வற்றிப் படுத்துவிடுவீர்கள். ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் இருக்கலாம்.

8. ஸ்லீவா, பைபாஸா? ஒரே வரியில சொல்லுங்க.

நெஞ்செரிச்சலோ சர்க்கரை நோயோ இருந்தால் பைபாஸ், இரண்டும் இல்லை என்றால் ஸ்லீவையும் யோசிக்கலாம். ஒரு வரி இதுதான். மிச்சம் ஒருவரியில் அடங்காது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குழாயை வழிகாட்டியாக உள்ளே வைத்து, அதை ஒட்டி ஸ்டேப்ளர் போட்டு வாழைப்பழ வடிவில் மிச்சத்தை விடுவார்கள். குடலைத் தொடுவதில்லை, அதனால் சத்துக் குறைபாடு ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் மிச்சமிருப்பது நீண்ட, அழுத்தம் அதிகமுள்ள குழாய். கீழே வால்வு அப்படியே இருப்பதால் அமிலம் மேலே ஏறப் பார்க்கும். இன்னொன்று, ஸ்லீவில் கசிவு வந்தால் பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். பேண்ட் தழும்பு இருப்பதும் அங்கேதான். மறு அறுவையில் ஸ்லீவ் செய்யச் சர்ஜன்கள் தயங்குவதற்குக் காரணம் இந்தத் தற்செயல்தான்.

பைபாஸில் இரைப்பையின் உச்சியில் 30 மி.லி. அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதோடு சிறுகுடலை நேராக இணைப்பார்கள். பித்தநீரும் கணைய நீரும் 100 முதல் 150 செ.மீ. கீழே வந்து சேரும். அழுத்தம் குறைவு, அமிலம் சுரக்கும் பெரும்பகுதி தனியே ஒதுங்கிவிடுகிறது, அதனால் நெஞ்செரிச்சல் அடங்கும். சர்க்கரை நோய்க்கும் பலன் அதிகம். பதிலுக்கு வாழ்நாள் முழுக்க வைட்டமின், இணைப்பில் புண் வரும் வாய்ப்பு, இனிப்பு சாப்பிட்டால் படபடத்து வியர்க்கும் டம்பிங், குடல் உள்ளே சிக்கும் அபாயம் ஆகியவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்லீவ் பக்கம் தராசைச் சாய்க்கும் காரணங்களும் உண்டு. குரோன்ஸ் போன்ற குடல் நோய், மாற்று உறுப்புக்கான மருந்தோ வலிப்பு மருந்தோ அளவு பிசகாமல் உறிஞ்சப்பட வேண்டிய நிலை, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை இல்லாமல் முடியாதவர்கள், புகையை விட முடியாதவர்கள். இரைப்பைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் பைபாஸுக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட இரைப்பையை எண்டோஸ்கோபியில் எளிதாகப் பார்க்க முடியாது என்பதும் கணக்கில் வரும்.

9. நெஞ்செரிச்சல் பேண்டாலதானே வந்துச்சு? பேண்டை எடுத்தா போயிடும். அப்புறம் ஸ்லீவ் பண்ணா என்ன?

பாதி சரி. பேண்டின் இறுக்கத்தால் மட்டும் வந்த எரிச்சல் சலைனை எடுத்ததுமே சில நாளில் குறையும். அப்படிக் குறைந்து, எண்டோஸ்கோபியில் புண்ணும் குடலிறக்கமும் இல்லை என்று தெரிந்தால் ஸ்லீவைப் பரிசீலிக்கலாம். சலைன் எடுத்தும் எரிச்சல் அடங்கவில்லை, அல்லது பேண்டுக்கு முன்னாலேயே இருந்தது என்றால் ஸ்லீவ் அதைப் பெருக்கத்தான் செய்யும். பாரெட் மாற்றம் இருந்தால் ஸ்லீவ் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

இதைத் தெரிந்துகொள்ளும் மலிவான வழி, பேண்டைக் காலி செய்துவிட்டு ஆறு வாரம் பொறுத்து எரிச்சல் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுவது. "ஸ்லீவுக்கு அப்புறம் எரிச்சல் தாங்கலை, இப்போ பைபாஸா மாத்தணும்" என்று மூன்றாவது ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் சிலருக்கு இந்த ஆறு வாரம் கொடுக்கப்படவே இல்லை.

10. மினி பைபாஸ் சிம்பிள்னு சொல்றாங்களே?

இணைப்பு இரண்டுக்குப் பதில் ஒன்று, அதனால் நேரம் குறைவு. நீளமான பை செய்து, 150 முதல் 200 செ.மீ. குடலை விட்டுவிட்டு ஒரே இடத்தில் இணைப்பார்கள். எடை நன்றாகக் குறையும். தொல்லை என்னவென்றால் பித்தநீர் அந்த இணைப்பு வழியாகவே போகிறது, சிலருக்கு அது பைக்குள் ஏறும். பேண்டால் உணவுக்குழாய் ஏற்கெனவே புண்ணானவர்களுக்கு 8ல் சொன்ன வழக்கமான பைபாஸே மேல்.

பி.எம்.ஐ. 50க்கு மேல் இருப்பவர்களுக்கு டூடினல் ஸ்விட்ச் வகை அறுவைகளும் (ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் தாண்டவிடுவது) உண்டு. எடைக் குறைப்பில் அவை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும், சத்துக் குறைபாட்டிலும் அப்படியே. வருஷத்துக்கு ஒரு தடவைகூட ரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்பவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

11. பேண்டை எடுக்கறதும் அடுத்த ஆபரேஷனும் ஒரே நாள்ல முடியாதா? ரெண்டு தடவை மயக்கம் எதுக்கு?

முடியும், எல்லோருக்கும் இல்லை. சிலிகோனைச் சுற்றி உடம்பு ஒரு வெள்ளைத் தழும்பு உறை கட்டும். பேண்டை உருவிய பிறகும் அந்த உறை இரைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும், அதை வெட்டித் திறக்க வேண்டும். அதோடு, பேண்ட் நழுவாமல் இருக்க முதல் சர்ஜன் இரைப்பையை மடித்து அதன்மேல் தைத்திருப்பார். அந்த மடிப்பை முழுவதும் பிரித்து இரைப்பையைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஸ்டேப்ளர் போட்டால், ஸ்டேப்ளர் பின் இரட்டைத் தடிமனில் விழும், சரியாக மூடாது, அங்கேதான் கசியும். தழும்பின்மேல் விழும் பின்னுக்கும் இதே கதி.

எடை மட்டும்தான் பிரச்னை, எண்டோஸ்கோபி சுத்தம், திசு மென்மையாக இருக்கிறது என்றால் ஒரே நாளில் செய்வது வழக்கத்தில் உள்ளதுதான். பேண்ட் அரித்திருந்தால், கடுமையாக நழுவியிருந்தால், உணவுக்குழாய் விரிந்திருந்தால், சீழ் இருந்தால் இரண்டு கட்டம். இடைவெளி பொதுவாக மூன்று மாதம், தேவைப்பட்டால் ஆறு. இடையில் எடை ஏறும் என்று பயம் இருந்தால் 7ஐப் பாருங்கள்.

12. பேண்ட் அரிச்சு உள்ளே போயிடுச்சுன்னு சொன்னாங்க. ஆனா எனக்கு வலியே இல்லையே?

அரிப்பு மெதுவாக நடக்கும், சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டே வரும், அதனால் பலருக்கு வலி இருக்காது. வெளியே தெரியும் அடையாளங்கள் இரண்டு. எவ்வளவு சலைன் ஏற்றினாலும் கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட முடிவது ஒன்று. பேண்ட் போட்டுப் பல மாதம் கழித்துப் போர்ட் இடம் சிவந்து சீழ் பிடிப்பது இன்னொன்று. இரைப்பையின் கிருமி குழாய் வழியாகவே போர்ட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சீழுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்பினால் திரும்பத் திரும்ப வரும். எண்டோஸ்கோபி கேளுங்கள்.

வளையத்தில் பாதிக்கு மேல் உள்ளே வந்து, பூட்டும் கொக்கி தெரிந்தால் எண்டோஸ்கோபி வழியாகவே கம்பியால் அறுத்து வாய் வழியே எடுக்க முடியும். இல்லையென்றால் லேப்ராஸ்கோபி. ஓட்டை ஆறாமல் அடுத்த அறுவைக்குப் போகக் கூடாது.

13. முதல் தடவையை விட ரிஸ்க் ஜாஸ்தியா?

ஆமாம். ஒட்டிக்கொண்ட திசு, மாறிய உடற்கூறு, தழும்பால் குறைந்த ரத்த ஓட்டம் எல்லாம் சேர்ந்து கசிவும் சுருக்கமும் (உணவுப் பாதை குறுகிப்போவது) முதல் அறுவையை விட அதிகம் நடக்கும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது எந்த எடைக் குறைப்பு அறுவையிலும் உள்ள அபாயம். அன்றைக்கே எழுப்பி நடக்கவிடுவது அதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது நாடித்துடிப்பு. காய்ச்சலோ வலியோ பெரிதாக இல்லாமலே நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் நின்றால் கசிவு என்றே எடுத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். இடது தோள் வலியும், காரணம் தெரியாத மூச்சு வாங்கலும் அதே சந்தேகத்தைத் தரும். "காஸ் வலிதான்" என்று வெந்நீர் குடித்துக் காத்திருக்காதீர்கள்.

14. பேண்ட் போட்டது வேற நாட்டுல. ஒரு பேப்பரும் கையில இல்லை.

எழுதிக் கேளுங்கள். மருத்துவமனைகள் பழைய பதிவுகளை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை, தாமதிக்கத் தாமதிக்கக் கிடைக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் நோட் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பேண்டின் கம்பெனி, மாடல், கொள்ளளவு, இரைப்பையை மேலே மடித்துத் தைத்தார்களா, குடலிறக்கத்தையும் சரிசெய்தார்களா, எந்தத் தேதியில் எவ்வளவு சலைன் என்பவை தெரிய வேண்டும். மாடலைப் பொறுத்துக் கொள்ளளவு 4 மி.லி.யிலிருந்து 14 மி.லி. வரை மாறும். அதனால் "5 மி.லி. இருக்கு" என்ற தகவல் மட்டும் தனியாக ஒன்றும் சொல்லாது.

கிடைக்காவிட்டால் ஆபரேஷன் நின்றுவிடாது. எக்ஸ்ரேயில் பேண்டின் வடிவத்தை வைத்தே வகையை ஓரளவு கண்டுபிடிக்கலாம். மீதியை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், 21ஆம் கேள்வி அதைப் பற்றித்தான்.

15. ஆபரேஷனுக்கு முன்னாடி நான் என்ன தயார் பண்ணணும்?

நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் சலைன் முழுவதும் வெளியே. இரண்டு வாரம் முன்னால் கல்லீரல் சுருங்க 800 முதல் 1000 கலோரி உணவு. கொழுப்பு படிந்த பெரிய கல்லீரல் அறுவை இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். பேண்ட் தழும்பு கல்லீரலின் இடது மடலோடு ஒட்டியிருக்கும் என்பதால் மறு அறுவையில் இது இன்னும் முக்கியம். புகை குறைந்தது ஆறு வாரம் முன்னால் நிற்க வேண்டும். குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. இரும்பு, பி12, வைட்டமின் டி பற்றாக்குறையை இப்போதே நிரப்புங்கள். வருஷக்கணக்கில் வாந்தி எடுத்த உடம்பு காலிக் கிடங்காக இருக்கும்.

உணவுக்குழாய் விரிந்தவர்கள் முந்தைய நாள் முழுவதும் திரவ உணவில் இருக்க வேண்டும். ராத்திரி இட்லி சாப்பிட்டு "எட்டு மணி நேரம் ஆச்சே" என்றால் அந்த இட்லி இன்னும் நெஞ்சிலேயே இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும்.

16. நான் சுத்த சைவம். புரோட்டீன் எங்கேருந்து வரும்?

தேவை நாளைக்கு 60 முதல் 80 கிராம். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு மென்மையானது, இரண்டு மாதம் வாக்கில் வழக்கமான சாப்பாடு என்று போகும். ரசமும் கஞ்சித் தண்ணியும் திரவம்தான், புரோட்டீன் கிடையாது. பால், மோர், கெட்டியாக வேகவைத்து வடிகட்டிய பருப்பு, புரோட்டீன் பவுடர் ஆகியவற்றால்தான் முதல் மாதம் ஓடும். பிறகு பன்னீர், சோயா, டோஃபு, வெந்த சுண்டல், தயிர். 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம் புரோட்டீன். ஒரு இட்லியில் இரண்டு கிராம் வந்தால் பெரிது. தட்டில் முதலில் பருப்பும் பன்னீரும், இடம் மிச்சம் இருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம், அரை மணி நேரம் விடுங்கள்.

பேண்ட் காலத்துப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும்: சிக்கினால் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி சாப்பிடுவது. புது இணைப்பில் அது கூடாது. சிக்குகிறது என்றால் வேகமும் கவளமும் பெரிது, அல்லது சுருக்கம் வந்திருக்கிறது.

17. மாத்திரை எத்தனை வருஷத்துக்கு?

ஆயுசுக்கும். பைபாஸ் என்றால் பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி. இரும்பு, மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி. கால்சியம் 1200 முதல் 1500 மி.கி., சிட்ரேட் வடிவில், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து. வைட்டமின் டி 3000 யூனிட். மேலே ஒரு மல்டிவைட்டமின். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதிக் காசு வீண். தைராய்டு மாத்திரையிலிருந்து இவை நான்கு மணி நேரம் தள்ளி.

பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் "கால் வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கக் கூடாது. கொடுப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபென் கலந்ததாக இருக்கும், இணைப்பில் புண் வரும். பாராசிட்டமால் மட்டும் என்று சொல்லி வாங்குங்கள். எடை வேகமாக இறங்கும் முதல் ஆறு மாதம் பித்தப்பைக் கல் வராமல் இருக்க அர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொடுப்பதுண்டு. அது மட்டும் பிறகு நிற்கும்.

18. இந்தத் தடவை எவ்ளோ குறையும்?

முதல் அறுவையாகவே பைபாஸ் செய்தவரை விடக் கொஞ்சம் குறைவாக எதிர்பாருங்கள். கணக்கை எந்த எடையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதிலும் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 1ல் சொன்ன நபர் பேண்டோடு 100 கிலோவில் இருக்கிறார். பேண்டை எடுத்த மூன்று மாதத்தில் 107 ஆகிறார். பைபாஸுக்குப் பிறகு 77க்கு வந்தால் "30 கிலோ குறைந்தது" என்று ஒருவரும், "23தானே" என்று இன்னொருவரும் சொல்வார்கள். ஆரம்ப 110ஐ வைத்துப் பார்த்தால் மிகை எடையில் 70 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. சர்ஜன் சொல்லும் சதவீதம் எந்த எடையிலிருந்து என்று கேளுங்கள்.

19. குழந்தை வேணும். ஆபரேஷன் முன்னாடியா, பின்னாடியா?

அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம். எடை வேகமாக இறங்கும் காலம் அது, குழந்தைக்குச் சத்து போதாது. எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிலக்கு சீராகிக் கருத்தரிப்பு எளிதாகும், அதனால் "எனக்குத்தான் நிக்காதே" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர்-டி போன்ற வேறு முறை நல்லது. வயது 38, 39 என்றால் இந்த ஒன்றரை வருஷம் பெரிய விஷயம். மகப்பேறு மருத்துவரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

20. இன்சூரன்ஸ்ல வருமா?

இந்தியாவில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019ல் வரையறுத்த விதிப்படி, 18 வயதுக்கு மேல், பி.எம்.ஐ. 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவை இருந்தால் எடைக் குறைப்பு அறுவை விலக்கில் வராது. 2022ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. டாக்டர் "செய்யலாம்" என்பதும் இன்சூரன்ஸ் "முடியாது" என்பதும் இந்த இடைவெளியில்தான் மோதுகின்றன.

நழுவல், அரிப்பு, அடைப்பு ஆகியவை சிக்கல்கள். அவற்றுக்காகப் பேண்டை அகற்றுவதை எடைக் குறைப்பு அறுவை என்று எழுதக் கூடாது. முன் அனுமதிக் கடிதத்தில் நோயின் பெயர், எண்டோஸ்கோபி படம், பேரியம் அறிக்கை மூன்றும் இருக்கட்டும். இரண்டு கட்டமாகச் செய்தால் இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வாங்குங்கள். பேண்ட் போட்டிருப்பதைப் பாலிசி எடுக்கும்போது மறைத்திருந்தால் இங்கே மாட்டும்.

21. "உள்ளே போய்ப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்"ங்கறார் சர்ஜன். அப்படிச் சொன்னா கையெழுத்து போடலாமா?

நல்ல சர்ஜன் சொல்கிற வார்த்தைதான் அது. 11ல் சொன்ன தழும்பும் மடிப்பும் எப்படி இருக்கும் என்று எந்த ஸ்கேனும் முழுதாகக் காட்டாது. ஒரே நாளில் முடிப்பதாகப் பேசி உள்ளே போனவர், திசு தடித்து வீங்கியிருப்பதைப் பார்த்து பேண்டை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வந்தால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் கையெழுத்துக்கு முன் படிவத்தில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். முதல் திட்டம் எது? அது முடியாவிட்டால் பேண்ட் அகற்றல் மட்டுமா, வேறு அறுவையா? எதற்கு எக்காரணம் கொண்டும் நீங்கள் சம்மதிக்கவில்லை? "பைபாஸ் முடியாவிட்டால் ஸ்லீவ் வேண்டாம், அகற்றிவிட்டு நிறுத்தவும்" என்று கையால் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. வருஷத்துக்கு எத்தனை மறு அறுவை செய்கிறார், அதில் பேண்டிலிருந்து மாற்றியவை எத்தனை, கசிவு வந்தால் நடு ராத்திரியில் எண்டோஸ்கோபியும் தீவிர சிகிச்சையும் அதே கட்டடத்தில் கிடைக்குமா என்பதையும் அந்த உட்காரலிலேயே கேட்டு முடியுங்கள். அகற்றிய பேண்டையும் புது ஆபரேஷன் நோட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.